நான் போட்ட முற்றும்

அந்தக் கதையை இணையத்தில் ஏற்றியது நீங்கள்தானா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவது என் வழக்கம். கேட்பவர்கள் பாராட்டத்தான் கேட்கிறார்கள். பாராட்டை வாங்கிக்கொள்ளவும் மனம் வராமல், வேண்டாம் என்று விளக்கம் சொல்லவும் தெம்பில்லாமல் வருடங்களை ஓட்டிவிட்டேன். ஒருமுறை முழுசாக எழுதி வைத்துவிட்டால் அப்புறம் யாருக்கும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேனி அல்லிநகரத்தில் எனக்கு ஒரு டி.டி.பி. சென்டர் இருந்தது. 1996-இல் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். நாலைந்து வருடத்தில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கி, ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை போட்டேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூடக் கேள்வித்தாள் என்று எது வந்தாலும் அடிப்பேன். முகூர்த்த மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அப்படி ஈ ஓட்டிய ஒரு ஆடி மாதத்தில்தான், தமிழ்ப் புத்தகங்களை அடித்து இலவசமாக இணையத்தில் போடும் ஒரு குழுவைப் பற்றித் தெரிய வந்தது. குழுவில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஒருவர் அடிப்பார், இன்னொருவர் பிழை பார்ப்பார், மூன்றாமவர் தளத்தில் ஏற்றுவார். சம்பளம் கிடையாது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் அடித்தவர் பெயரும் ஊரும் மட்டும் வரும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் வீட்டு மாப்பிள்ளை பெண் பெயர்களையே அடித்துக்கொண்டிருந்த எனக்கு, என் பெயரை நானே அடிப்பது பிடித்திருந்தது. தமிழுக்குச் செய்யும் தொண்டு என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்யில்லை.

குழுவுக்கு விதிகள் இருந்தன. எழுதியவர் இறந்து அறுபது வருடம் ஆகியிருக்க வேண்டும். அல்லது அரசாங்கம் அவர் எழுத்தை நாட்டுடைமை ஆக்கியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் உரிமை உள்ளவர் கைப்பட எழுதிய சம்மதம் வேண்டும். முதல் இரண்டு புத்தகங்களை நான் விதிப்படிதான் அடித்தேன். அவை பழைய புத்தகங்கள், யாருக்கும் வம்பில்லை. மூன்றாவதாக எதை அடிப்பது என்று யோசித்தபோது, வடுகபட்டியில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த பைண்டு புத்தகம் நினைவுக்கு வந்தது.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் எங்கள் தெருப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். வடுகபட்டியில் எங்கள் தெருவில் ஐந்து வீடுகள் சேர்ந்து ஒரு வார இதழ் வாங்கினார்கள். ஆளுக்கொரு நாள் படிப்பார்கள். ஐந்து வீடும் சுற்றி முடிந்ததும் இதழைப் பிரித்துக்கொள்வார்கள். தொடர்கதை எங்கள் வீட்டுக்கு. சமையல் குறிப்பு எதிர்வீட்டுக்கு. சாமி படம் தெருக்கோடி வீட்டுக்கு. கோலம், தையல் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு வீடு உண்டு. ஒன்றை ஒருவர் கேட்டு மற்றவர் மறுத்ததாக ஞாபகமில்லை. அம்மா தன் பங்குப் பக்கங்களை அடுக்கி வைத்து, ஒரு கதை முடிந்ததும் பெரியகுளத்துக்குக் கொடுத்தனுப்பி பைண்டு போட்டு வாங்கிக்கொள்வாள்.

இந்தக் கதை நான் பிறப்பதற்கு முன்னால் வந்த தொடர். வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு ஏலத்தோட்டத்துக்கு மலையேறிப் போன ஒரு பெண்ணின் கதை. மேலே வாழ்க்கை கசந்துபோகிறது. ஒரு நாள் மலையை விட்டு இறங்கி அடிவாரத்து லோயர் கேம்பில் வந்து நிற்கிறாள். பஸ் கண்டக்டரிடம் வீட்டுக்குச் சேதி சொல்லி அனுப்புகிறாள். யாராவது வந்து கூப்பிட்டால் போகலாம் என்று கால்வாய்க் கரையில் துணி மூட்டையோடு காத்திருக்கிறாள். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து போகிறது. கடைசி பஸ்ஸும் போய்விடுகிறது. 'தண்ணீரின் இரைச்சலில் அவளுக்கு அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை' என்று கதை நின்றுவிடும்.

பதின்மூன்று வயதில் முதலில் படித்தேன். அப்புறம் எத்தனை முறை என்று தெரியாது. என் கல்யாணம் இரண்டே வருடத்தில் முறிந்தபோது நான் வடுகபட்டிக்குத் திரும்பிப் போகவில்லை. தேனியில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். அன்றைக்கு எனக்குத் துணையாக இருந்தது அந்தக் கரையில் நின்ற பெண்தான். யாரும் கூப்பிட வராவிட்டாலும் ஒருத்தி நிற்கலாம் என்று அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். இதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

எழுதியவர் பெயர் ஒரு பெண்ணின் பெயர். முன்னால் கம்பம் என்று ஊர் ஒட்டியிருந்தது. இதழ் நின்று பல வருடமாகியிருந்தது. கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கொடுக்கக் கம்பம் போன ஒரு நாள், அந்தப் பெயரைச் சொல்லி நூலகத்தில் கேட்டேன், தெரியவில்லை. கடைத்தெருவில் பூக்கட்டிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவரிடம் கேட்டேன்.

"அந்தப் பேர்ல ஒருத்தி இருந்தா. மலைக்குப் போயி அங்கனயே செத்துப்போயிட்டா. பிள்ளகுட்டி ஒண்ணுமில்ல. அவ வீட்டு ஆளுக அவ பேரையே எடுக்க மாட்டாக."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன் கதையைத்தான் எழுதியிருக்கிறாள், எழுதிவிட்டுச் செத்தும் போய்விட்டாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த வீடு எது என்று கேட்டிருக்கலாம். பெயரையே எடுக்காத வீட்டில் போய் என்னத்தைக் கேட்பது என்று நினைத்தேன். பஸ்ஸுக்கும் நேரமாகியிருந்தது. ஆண்கள் பெண் பெயரில் எழுதுவது தமிழில் புதுசா என்ன? வார இதழ்களிலேயே வளர்ந்த எனக்கு அது தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

குழுவுக்கு எழுதினேன்: ஆசிரியர் இறந்துவிட்டார், வாரிசு இல்லை, இதழும் நின்றுவிட்டது. ஒருங்கிணைப்பாளர் எந்த வருடம் இறந்தார் என்று கேட்டார். ரொம்ப வருடம் ஆயிற்று என்று மழுப்பினேன். சட்டப்படி அதுவும் தப்புத்தான், வாரிசு தெரியாவிட்டாலும் உரிமை உரிமைதான். நான் முதலில் அடித்து அனுப்பிய அத்தியாயங்களைப் படித்து அவரும் மயங்கியிருந்தார். சரி, ஆட்சேபம் வந்தால் எடுத்துவிடலாம் என்றார்.

அடுத்த வருட ஆடி முழுக்க அடித்தேன். பைண்டு போட்டவர் ஓரங்களைச் சமமாக்க அடியில் நன்றாக வெட்டிவிட்டிருந்தார். எல்லா அத்தியாயத்திலும் கீழே இருந்த 'தொடரும்' கத்தியோடு போயிருந்தது. கடைசி வரியை அடித்து முடித்தபோது கதை மொட்டையாக நிற்பதுபோல் இருந்தது. முற்றும் என்ற சொல்லும் வெட்டுப்பட்டிருக்கும் என்று நினைத்து, நானே 'முற்றும்' என்று அடித்தேன். ஆசிரியர் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்றும் சேர்த்தேன். அதற்குக் கீழே என் பெயரும் தேனியும்.

2003-இல் தளத்தில் வந்தது. கொஞ்ச நாளிலேயே கடிதங்கள் வர ஆரம்பித்தன. எங்கெங்கோ ஊர்களிலிருந்து, பெரும்பாலும் பெண்கள். படித்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுததாக ஒருவர் எழுதினார். பிறகு அது என் கையை விட்டுப் போய்விட்டது. பி.டி.எஃப். ஆக்கினார்கள். மெயிலில் அனுப்பிக்கொண்டார்கள். வலைப்பூக்களில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டார்கள். அறுபதுகளிலேயே ஒருத்தி இப்படி முடிக்கத் துணிந்தாளே என்று அந்த முடிவைப் பற்றியே கட்டுரைகள் வந்தன. ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் அதை வைத்து இரண்டு மணி நேரம் பேசினார்களாம். அவள் தண்ணீரில் குதித்தாளா இல்லையா என்று வாதாடினார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்தான் எழுதியதுபோல் ஒரு கர்வம்.

2006-இல் ஒரு நாள் காலையில், வெள்ளைச் சட்டையும் ரெக்சின் பையுமாக ஒருவர் கடைக்கு வந்தார். எழுபது வயதிருக்கும்.

"பத்திரிகையாங்கய்யா?" என்றேன்.

"இல்ல ஆத்தா." பையிலிருந்து அச்செடுத்த தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார். "இத அடிச்சது நீதேனா?"

"நாந்தேங்கய்யா." என் முகத்தில் சிரிப்பு வந்திருக்கும்.

"இது எங்க அக்கா பேரு."

எழுந்து நின்றுவிட்டேன். "அவுக தம்பியா நீங்க? அவுக எம்புட்டு அருமையா எழுதியிருக்காக!"

"அவ எழுதல. அவளுக்குக் கையெழுத்து மட்டுந்தேன் போடத் தெரியும். எழுதுனது நாந்தேன். செத்துப்போனதாப் போட்டுருக்கீக. இருக்கேன் ஆத்தா, கம்பத்துலதேன் இருக்கேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவராம். இளவயதில் அந்த ஒரு தொடரை எழுதியிருக்கிறார், அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. அக்கா பெயரில் எழுதியதை வீட்டில்கூடச் சொன்னதில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மருமகள் மெயிலில் வந்ததை அச்செடுத்துக்கொண்டு வந்து, மாமா இது நம்ம ஊர்க் கதை என்று படிக்கக் கொடுத்திருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கே எடுக்கச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

"அது போகட்டும். கடைசி அத்தியாயம் எங்க?"

"இதேங்கய்யா கடைசி."

"இல்ல. இன்னும் ஒண்ணு இருக்கு."

பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்த ஒரே ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். இதழின் பக்கம். பொடி எழுத்தில் நெருக்கி அடித்த ஒரு பக்க அத்தியாயம். அதில், கடைசி பஸ் போன பிறகு தம்பி சைக்கிளில் வருகிறான். கரையில் நின்ற அக்காவைக் கூப்பிடுகிறான். மூட்டையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, அவளைக் கேரியரில் உட்காரவைத்துக் கம்பம் வரை மிதிக்கிறான். வாசலில் அப்பா நிற்கிறார். தம்பி அவரைத் தள்ளிக்கொண்டு கதவைத் திறக்கிறான். அக்கா உள்ளே போகிறாள். முற்றும்.

படித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"நடந்தது நீ போட்டுருக்கியே, அதேன்," என்றார் அவர். "வந்து நிக்கிறேன்னு சேதி அனுப்புனா. போகக்கூடாதுன்னு அப்பா சொல்லிப்புட்டாக. எனக்குப் பத்தொம்பது வயசு. சைக்கிள் இருந்துச்சு. போகல. கடைசி பஸ் வரைக்கும் நின்னுட்டுத் திரும்ப மலைக்கே போயிட்டா. அடுத்த மழைக்குக் காச்சல்ல செத்துட்டான்னு ஆள் வந்துச்சு."

தாளை என் கையிலிருந்து வாங்கி உறைக்குள் வைத்தார்.

"நடந்தத எழுத நான் எதுக்கு ஆத்தா பேனா எடுக்கணும்? அம்புட்டு அத்தியாயமும் அந்தக் கடைசிப் பக்கத்துக்காக எழுதுனது. அவள வீட்டுக்குக் கூட்டிட்டு வரத்தேன் எழுதுனேன். நீங்க எல்லாரும் சேந்து அவளத் திரும்பவும் அங்கனயே நிறுத்திப்புட்டீக."

அன்று கடையைப் பூட்டிவிட்டு வடுகபட்டிக்குப் போனேன். அம்மாவிடம் அந்தப் பைண்டைக் காட்டி, இதற்கு இன்னொரு அத்தியாயம் உண்டா என்று கேட்டேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"ஆமா. அது முருகன் படத்துக்குப் பின்னால இருந்துச்சு. கோடி வீட்டுக்காரி எடுத்துக்கிட்டா. கண்ணாடி போட்டு மாட்டுனாளே."

தீபாவளி சமயத்து இதழ். விளம்பரத்துக்கு இடம் விட்டு, கதையின் முடிவை ஒரே பக்கத்தில் அடக்கியிருக்கிறார்கள். மறுபக்கம் முழுப்பக்க முருகன். ஒரே தாளில் இரண்டு வீட்டுப் பங்கு வந்தால் சாமி படத்துக்குத்தான் முதல் உரிமை என்பது தெரு ஏற்பாடு. கதையைப் படித்தாகிவிட்டது, மனதில் இருக்கும். படத்தை மாட்டித்தானே கும்பிட முடியும்? அம்மாவுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இத்தனை வருடமாக என்னிடம் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"முடிவு எப்பிடின்னு ஞாபகம் இருக்காம்மா?"

"தம்பிக்காரன் போயி கூட்டியாந்துருவான். வாராவாரம் அந்தப் பிள்ள என்ன ஆகுமோன்னு அஞ்சு வீடும் தவிச்சுக்கிட்டுக் கெடந்தோம். படிச்ச அன்னைக்குத்தேன் நிம்மதியாச் சோறு எறங்குச்சு."

எனக்கு அம்மா மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. பிறகு அது என் மேலேயே திரும்பிக்கொண்டது.

குழுவினர் நல்லவர்கள். சேதி போன அன்றே தளத்திலிருந்து எடுத்துவிட்டு அவருக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினார்கள். மற்ற இடங்களில்தான் ஆரம்பித்தது என் பாடு. வலைப்பூக்காரர்களுக்கு ஒவ்வொருவராக எழுதினேன். சிலர் எடுத்தார்கள். பலர் பதிலே போடவில்லை. ஒருவர், இலக்கியம் மக்கள் சொத்து, உரிமை பேசுவது முதலாளித்துவம் என்று நாலு பக்கத்துக்குப் பாடம் எடுத்தார். இன்னொருவர், இது நாட்டுடைமை ஆகிவிட்டதே உங்களுக்குத் தெரியாதா என்று என்னையே கேட்டார். ஒரு தளத்தில் நான் அடித்த அதே பக்கங்களின் குறுக்கே தங்கள் முத்திரையைக் குத்தி, எங்கள் அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது என்று போட்டிருந்தார்கள். என் எழுத்துப்பிழை ஒன்றுகூட மாறாமல் அப்படியே இருந்தது. பஸ் ஸ்டாண்டில் விற்ற ஒரு குறுந்தகட்டில் நூற்றுக்கணக்கான புத்தகங்களோடு இதுவும் கிடைத்தது. அதில் ஆசிரியர் பெயர் இல்லை. என் பெயர் இருந்தது.

மாதக்கணக்கில் இதே வேலை. ஒரு இடத்தில் எடுத்தால் இரண்டு இடத்தில் முளைக்கும். கம்பத்துப் பெரியவர் நடு நடுவே வந்து உட்காருவார். ஒன்றும் கேட்க மாட்டார். டீ வாங்கித் தந்தால் குடிப்பார். ஒரு நாள் அவரே சொன்னார்.

"விடு ஆத்தா. எடுக்க முடியாது. முழுசாப் போட்டுரு. சும்மாவே படிக்கட்டும், எனக்கு ஒண்ணும் வேணாம். அவ வீடு வந்தாப் போதும்."

அவர் வாசிக்க வாசிக்க அந்தக் கடைசி அத்தியாயத்தை அடித்தேன். கதவு திறக்கும் இடம் வந்ததும் அவர் தாளை என் பக்கம் நகர்த்தினார். மீதியை நானே தாளைப் பார்த்து அடித்தேன். கைப்பட எழுதிய சம்மதத்தோடு, முழுப் புத்தகமும் குழுவின் தளத்தில் மறுபடி வந்தது. 'அமரர்' எடுக்கப்பட்டது. பெயர் அக்காவின் பெயராகவே இருக்கட்டும் என்றார். நானும் ஊருக்கெல்லாம் எழுதினேன்: முடிவு கிடைத்துவிட்டது, இதோ.

நிம்மதி என்று நினைத்தேன். பதில்கள் வந்தன. யாரோ இட்டுக்கட்டி ஒட்டவைத்த முடிவு என்றார்கள். நடையே வேறு, ஒரு ஆணின் கை தெரிகிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். அவளைக் கேரியரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது அந்தப் பெண் எழுத்தாளருக்குச் செய்யும் துரோகம் என்று ஒரு பேராசிரியை எழுதினார். இப்படிப்பட்ட வீட்டில் தம்பி போயிருக்கவே மாட்டான், இது பொய் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் பெரியவரிடம் காட்டவில்லை. மருமகள் காட்டியிருக்கிறாள். அடுத்த முறை வந்தபோது, "சரியாத்தேன் சொல்லியிருக்கான்," என்று மட்டும் சொன்னார்.

முழுப் பிரதியைத் தேடி எடுத்துப் படித்தவர்கள் குறைவு. மொட்டைப் பிரதி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தப்பைத் திருத்தினால் திருத்தமும் தப்போடு சேர்ந்து ஓடும் என்று எப்படியோ நம்பியிருந்தேன். அது ஓடாது. எனக்கு இதெல்லாம் அலுத்துப்போய், புதிதாக எதையும் அடித்துக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டேன்.

2009 கடைசியில் மதுரைப் பதிப்பாளர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். இணையத்தில் இவ்வளவு பேர் பேசுகிற கதை, புத்தகமாகப் போடலாம், ஆசிரியர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன் என்றார். நான் அப்போதே பஸ் ஏறிக் கம்பத்துக்குப் போய்ப் பெரியவரிடம் சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அட்டையில் அக்கா பெயர் வருமா என்று இரண்டு முறை கேட்டார். அவருக்கு உடம்பு தளர்ந்திருந்தது. படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்துப் பதிப்பாளரின் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான். வாசகர்கள் அறிந்த முடிவோடு வெளியிடவே விரும்புகிறோம், கடைசி அத்தியாயம் கதையின் வலிமையைக் குறைக்கிறது, நீக்க ஆசிரியர் இசைந்தால் உடனே வேலையைத் தொடங்கலாம் என்று இருந்தது. பெரியவர் அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"ஒரு பதில் அடிச்சுக் குடு ஆத்தா."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. என் அக்கா வீடு வந்து சேராத புத்தகம் எனக்கு வேண்டாம். கடைசி அத்தியாயத்தோடு போட முடியுமானால் எழுதவும். முடியாவிட்டால் இத்துடன் விட்டுவிடவும். இப்படிக்கு.

அச்செடுத்துக் கொடுத்தேன். பேனாவைத் திறந்தவர் கையெழுத்துப் போடாமல் என்னைப் பார்த்தார்.

"சின்ன வயசுலருந்து படிச்சேன்னு சொன்னியே. நீ சொல்லு. எந்த முடிவு நல்லாருக்கு?"

உங்க முடிவுதேங்கய்யா என்று சொல்ல வேண்டும். அதைத் தவிர அந்த இடத்தில் வேறு என்ன பதில் இருக்கிறது? சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. நான் தனியாக அறை எடுத்த அந்த வருடம் என் முன்னால் வந்து நின்றது. அந்தக் கரையில் என்னோடு நின்ற பெண்ணை எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"நீயுமா?" என்றார்.

கையெழுத்துப் போட்டார். உறையில் போட்டு என்னிடமே கொடுத்தார். "தபால்ல போட்டுரு. என்னால போஸ்டாபீஸ் வரைக்கும் நடக்க முடியாது." பையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கடிதத்தை நான் அன்று தபாலில் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். போடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பதிப்பாளர் மறுபடி கேட்பார். உடம்பு முடியாதவர், மருமகளும் எடுத்துச் சொன்னால் மனம் மாறலாம். எனக்குப் பிடித்த கதை, எனக்குப் பிடித்த இடத்தில் நின்று, நல்ல தாளில், அட்டையோடு வந்துவிடும். கேட்டால் தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். இப்படியெல்லாம் நான் யோசித்தேன். முதல் முறை செய்தது தெரியாமல் செய்தது. இந்தத் தடவை அந்தச் சாக்கு எனக்குக் கிடையாது.

மூன்றாம் நாள் கொண்டுபோய்ப் போட்டேன். போட்டுவிட்டு அங்கேயே நின்று அழுதேன். அவருக்காக அழுதேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை.

பதிப்பாளர் இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்து எழுதினார். புத்தகம் வரவில்லை. அடுத்த சித்திரையில் பெரியவரின் மகன் என் கடைக்கு வந்தார், கண்ணீர் அஞ்சலி அடிக்க. பெயர், வயது, உறவினர் பட்டியல் எல்லாம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று கேட்டேன். ஓய்வு பெற்ற பள்ளி எழுத்தர் என்று போடச் சொன்னார். வேறு ஏதாவது சேர்க்கணுமா என்றேன். யோசித்துவிட்டு, வேறு ஒன்றும் இல்லை என்றார். உறவினர் பட்டியலில் அக்கா என்று யாரும் இல்லை. நான் எதுவும் சேர்க்காமல், அவர் கொடுத்தது எப்படியோ அப்படியே அடித்துக் கொடுத்தேன்.